மரியங்கண்டு ஒழுங்கை

“என்ட உம்மாவப் பத்தி நான் ஆரோடயும் கதைக்கிறதில்ல” என்று சொல்லிவிட்டு, சுபைதா மாமி மறுபடியும் கொச்சிக்காயின் காம்பைக் கிள்ளத் தொடங்கினார்.

அக்கரைப்பற்றில் அவருடைய மகள் வீட்டுப் பின்விறாந்தை. காலை வெயில் பாதிப் பாய் வரைக்கும் வந்திருந்தது. பாயில் செத்தல் கொச்சிக்காய் குவியலாகக் கிடந்தது. அந்த மிளகாய் நெடி மூக்கில் ஏறி, வந்து உட்கார்ந்த ஐந்து நிமிடத்துக்குள் நாலு தரம் தும்மிவிட்டேன். எண்பத்தைந்தைத் தாண்டிய அந்த மனுசிக்கு ஒரு தும்மல் வரவில்லை.

கல்முனையில் இருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கேட்க வேண்டியவற்றை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். முதல் கேள்வியிலேயே கதவு சாத்தப்பட்டுவிட்டது. மாமியின் மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். வருத்தப்பட வேண்டாம் என்பது போல் என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார்.

எழும்பி வந்திருக்கலாம். வரவில்லை. ஏன் என்று சொல்ல இரண்டு மாதம் பின்னுக்குப் போக வேண்டும்.

பலகைக்கு ஒரு பெயர்

போன கிழமை இந்தப் பத்தியில், தபால் கந்தோரில் நான் சேர்ந்த முதல் நாளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முப்பது வருசத்துக்கு மேல் தபால் கந்தோரில் வேலை செய்தவள் நான். பிறந்த ஒழுங்கையிலேயே இன்றைக்கும் இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார். ஆகவே எங்கள் ஒழுங்கைகளில் ஆண்கள் வந்தவர்கள், பெண்கள் இருந்தவர்கள்.

ஒழுங்கை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் ஓட்டோ வந்தால், எதிரில் வரும் சைக்கிள்காரர் இறங்கி மதிலோடு ஒட்டி நிற்க வேண்டும். கடற்கரை வரைக்கும் மணலாகவே கிடந்தது. போன மாரிக்கு முன்பு மாநகர சபையார் கொங்கிறீட் போட்டார்கள். போட்ட கையோடு, எல்லா ஒழுங்கைக்கும் பெயர்ப்பலகை நடப்போகிறோம், பெயர்களை எழுதித் தாருங்கள் என்று ஊர் அபிவிருத்திச் சங்கத்திடம் கேட்டிருந்தார்கள்.

ஊர் வாயில் எங்கள் ஒழுங்கை மரியங்கண்டு ஒழுங்கை. ஆனால் எந்தப் பத்திரத்திலும் அப்படி ஒரு பெயர் கிடையாது. சங்கத்தின் செயலாளர் நஸார் தம்பி, அந்த இடத்தில் தன்னுடைய வாப்பாவின் பெயரை எழுதியிருந்தார்.

நஸாரைப் பற்றி யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. அவருடைய வாப்பா, ஹாஜியார், நல்ல மனிதர். சுனாமிக்கு அடுத்த நாள், தண்ணீர் போகாமல் தப்பிய தன்னுடைய அரிசிக் களஞ்சியத்தின் கதவைத் திறந்துவிட்டு, வந்தவர்களை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி ஒதுங்கி நின்றவர். அப்படிப்பட்டவரின் பெயரை அவர் பிள்ளை ஒரு பலகையில் பார்க்க ஆசைப்பட்டால் அது குற்றமா?

நான் போய்ப் பழைய பெயரே இருக்கட்டுமே என்று சொன்னபோது, அவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“ஓம் ராத்தா, வெச்சிரலாம். ஆனா மரியங்கண்டு எண்டா ஆரு? ஆராவது வந்து கேட்டா நாம என்னத்தச் செல்லுற?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். பெயர்ப் பட்டியல் அனுப்ப இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் விசாரித்துச் சொல்லுங்கள் என்றார் நஸார்.

கடிதங்கள் தேடிவந்த இடம்

தெரியவில்லை என்று சொன்னதில் எனக்கு வந்த வெட்கத்துக்குக் காரணம் உண்டு. அந்தப் பெயரை என்னைவிட அதிகமாக வாசித்தவர்கள் யாரும் இருக்க முடியாது.

ஊரில் பாதிப்பேர் சவூதியிலும் குவைத்திலும் கட்டாரிலும் இருந்த காலம். கடிதங்கள் சாக்குக் கணக்கில் வரும். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்தபடி விலாசம் எழுதுவார்கள். மரியம்கண்டு வீதி என்று ஒருவர் எழுதுவார். மரியங்கண்டுட ஒழுங்கை, கிணத்தடி என்று இன்னொருவர். ஒரு பிள்ளை, ஒழுங்கையின் பெயரை மட்டும் எழுதி, அதற்கு மேலே ‘என் உம்மாவுக்கு’ என்று போட்டிருந்தது. கையெழுத்தைப் பார்த்தே எந்த உம்மா என்று எங்கள் தபால்காரர் கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சுனாமி முடிந்து சில கிழமைகளுக்குப் பிறகு வந்த ஒரு பையை நான் மறக்க மாட்டேன். அப்போது எங்கள் ஒழுங்கையில் கடற்கரைப் பாதியில் மதில் ஒன்றும் மிச்சம் இல்லை. விலாசத்தில் இருந்தவர்களில் சிலர் உயிரோடு இல்லை. வீட்டு இலக்கத்துக்கு வீடு இல்லை. கடிதங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒழுங்கையின் பெயரை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். பிழைத்தவர்கள் முகாம்களில் இருந்து வந்து, தங்கள் பெயரைச் சொல்லாமல், “மரியங்கண்டு ஒழுங்கைக்கி ஏதும் இரிக்கா?” என்றுதான் கேட்டார்கள்.

அவ்வளவு புழங்கிய பெயர். அது ஒரு மனுசியின் பெயர் என்று ஒரு நாளாவது நான் நினைத்துப் பார்த்ததில்லை.

விசாரிக்கத் தொடங்கினேன். ஒருவர், அவர் ஓதிப் பார்க்கிறவர் என்றார். ஒருவர், அப்பம் சுட்டு விற்றவர் என்றார். ஒழுங்கை முனையில் இருக்கும், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் வயதானவர் ஒருவர் மட்டும் கொஞ்சம் திடமாகச் சொன்னார். “அவ ஒரு மாதிரி ஆள் புள்ள. நாங்க சின்னப் புள்ளையில சோறு தின்னாட்டி, மரியங்கண்டு வந்து கையக் கீறுவா எண்டு வெருட்டுவாங்க.”

அதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் போய்விட்டது. பிள்ளைகளைக் கீறுகிற ஒருத்தியின் பெயருக்காகவா ஹாஜியாரின் பெயரைத் தள்ளி வைக்கச் சொன்னேன் என்று நினைத்தேன். ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டேன்.

பாண்டிருப்பில் கண்டது

என்னோடு வேலை செய்த யோகம், பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே வருசம் ஓய்வு பெற்றோம். அவருடைய தாய் தங்கப்பிள்ளை அம்மாவுக்குத் தொண்ணூறுக்கு மேல். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து வட்டிலப்பம் கொண்டுபோயிருந்தேன். நான் போன நேரம் யோகம் தாயை நாற்காலியில் இருத்தி, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவின் தோள் உச்சியில், சட்டைக் கை மறைக்கிற இடத்தில், மூன்று வட்டத் தழும்புகள். அடுப்புக் கல்லை மூன்று பக்கமும் வைத்தது போல, ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு இருந்தன.

என் கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தேன். அதே மூன்று தழும்பு, அதே இடத்தில், என் உம்மாவுக்கும் இருந்தது. கிணற்றடியில் உம்மா குளிக்கும்போது பார்த்திருக்கிறேன். கேட்டதற்குச் சின்ன வயதில் குத்தினது என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. அந்தக் காலத்து ஆண்களுக்கு வைசூரிக்குக் குத்திய தழும்பு கையின் வெளிப்பக்கத்தில், தெரிகிற இடத்தில் இருக்கும். இது யாரும் பார்க்காத இடத்தில் இருந்தது.

யார் குத்தினது என்று கேட்டேன். தங்கப்பிள்ளை அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். யோகம் குனிந்து உரக்கக் கேட்டார்.

“மாரியங்கண்டு குத்தினது” என்றார் அம்மா.

வைசூரி வந்த வருசம் அது. பாண்டிருப்பில் அதை அம்மாளின் வருத்தம் என்பார்கள். ஊசி குத்தினால் அம்மாள் கோபிப்பாள் என்று யாரும் கையை நீட்டவில்லை. அப்போது ஒரு முஸ்லிம் மனுசி தனியாக நடந்து வந்தாராம். யாரோடும் வாதாடவில்லை. கோயிலில் பொங்கி, அம்மாளிடம் கேட்டுவிட்டு வாருங்கள், நான் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு, வேப்ப மரத்தடியில் வெயில் சாயும் வரைக்கும் நின்றாராம். பெயர் மரியம் என்று சொன்னாலும் இவர்களுக்கு அது மாரி என்றுதான் காதில் விழுந்தது. அம்மாளே அனுப்பிய ஆள் என்று சட்டையைத் தளர்த்தினார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பெயருக்கு ஒரு நடை, ஒரு முகம் வந்தது.

“அவட மகள் அக்கரைப்பற்றில கலியாணம் கட்டினவ. சுபைதா எண்டு பேர்” என்றார் அம்மா. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “உங்கட ஆக்களுக்கு அவவத் தெரியாதா பிள்ளை?” என்று கேட்டார்.

கொச்சிக்காயைத் தள்ளிவைத்து

அப்படித்தான் சுபைதா மாமியின் விறாந்தைக்கு வந்து சேர்ந்தேன். அவர் கதைக்க மாட்டேன் என்ற பிறகு, தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். பிறகு, கேள்வியாக இல்லாமல், சும்மா சொன்னேன். என் உம்மாவின் தோளில் மூன்று தழும்பு இருந்தது, அவர் மவுத்தாகிப் பல வருசம், அந்தத் தழும்பு யார் கொடுத்தது என்று இந்த மாதம்தான் எனக்குத் தெரியவந்தது.

“ஆர் உங்கட உம்மா?”

“ஆசியா. கிணத்தடி ஊட்டு ஆசியா.”

மாமியின் கை நின்றது. கொச்சிக்காய்ச் சுளகைப் பாயின் மறுபக்கத்துக்குத் தள்ளினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, இந்தத் தடவை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நான் காய்ச்சலாக் கெடக்கக்க, ஒழுங்கையில ஒரு குருவி எங்கட ஊட்டுக்கு வரல்ல. அவள்தான் வேலிக்கால பூந்து வந்தவள்” என்றார்.

கிணற்றடியில் ஒரு காலை

மரியங்கண்டுவின் கணவர் உதுமாலெவ்வை, அரசாங்கத்தில் அம்மை குத்துகிற உத்தியோகத்தர். சம்மாந்துறையில் இருந்து மாப்பிள்ளையாக வந்தவர். குத்துவது என்றால் இன்றைய ஊசி அல்ல. தோலைச் சின்னதாகக் கீறி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் வரும் அம்மைப்பாலை அந்தக் கீறலில் தேய்ப்பது. அது கன்றுக்குட்டியின் சீழ் என்றும், குத்தினால் பிள்ளை தங்காது என்றும் கதை பரவியிருந்தது. ஆண்கள் எப்படியோ கையை நீட்டினார்கள். பெண்கள் எப்படி நீட்டுவார்கள்? அந்நிய ஆணுக்கு முன்னால் தோளைத் திறப்பதா? அவர் ஒழுங்கைக்குள் காலை வைத்தால் கதவுகள் சாத்தப்படும். அவருடைய மனைவி என்பதால், கலியாண வீடுகளில் மரியங்கண்டுவுக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அந்த வருசம் வைசூரி வந்தது. அடுத்த ஒழுங்கையில் ஒரு தாயையும் பிள்ளைகளையும் ஒரே கிழமையில் அடக்கினார்கள். உதுமாலெவ்வை வீட்டுக்கு வந்து, மருந்துத் தகரப் பெட்டியை மூலையில் வைத்துவிட்டுச் சோறு வேண்டாம் என்று சொல்லி இருந்துவிட்டார். பெட்டியில் மருந்து அப்படியே இருந்தது.

மரியங்கண்டு, எனக்குக் காட்டித் தாருங்கள், பெண்களுக்கு நான் குத்துகிறேன் என்றார். அது சட்டத்துக்கு மாறு, வேலை போய்விடும் என்று அவர் மறுத்தார். மூன்று நாள் மறுத்தார். நாலாம் நாள் சொல்லிக் கொடுத்தார்.

ஒழுங்கைக்குப் பொதுவாக ஒரு கிணறு. காலையில் எல்லாப் பெண்களும் அங்கேதான். சில நாட்கள் கழித்து ஒரு காலையில் மரியங்கண்டு ஒரு பாயையும், ஏழு வயது சுபைதாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். பாயை விரித்து, மகளை மடியில் இருத்தி, சட்டையைத் தோளால் இறக்கினார்.

“நான் உங்கட புள்ளையளத் தொட வரல்ல. என்ட புள்ளைக்குத்தான் குத்தப்போறன். நிண்டு பாருங்க” என்றாராம்.

சுபைதா கத்தினார். யாரோ குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மற்றவர்கள் நின்று பார்த்தார்கள். மூன்று கீறல். முடிந்தது.

ஆனால் அதோடு முடியவில்லை. ஐந்தாம் நாள் சுபைதாவுக்குக் காய்ச்சல் அடித்தது. தோள் வீங்கிச் சீழ் வைத்தது. கிணற்றடியில் மரியங்கண்டு வாளியை இறக்கினால், மற்றவர்கள் அவர் போகும்வரை தள்ளி நிற்பார்கள். சொந்தப் பிள்ளையையே கொன்றுவிட்டாள் என்று, பிள்ளை சாகும் முன்பே சொல்லிவிட்டார்கள். உதுமாலெவ்வை ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லையாம். அது தன் உம்மாவுக்கு இன்னும் பாரமாக இருந்திருக்கும் என்று மாமி நினைக்கிறார். மரியங்கண்டு பகல் முழுக்கத் துணியை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டே இருந்தாராம்.

வேலியால் புகுந்து வந்த என் உம்மாவுக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். சுபைதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிளிஞ்சல் வைத்து விளையாட்டுக் காட்டிவிட்டுப் போவாராம்.

மூன்று கிழமைக்குப் பிறகு காய்ச்சல் விட்டது. புண் காய்ந்தது. ஒரு காலையில் சுபைதா தன் காலால் நடந்து கிணற்றடிக்கு வந்தார். அன்றைக்கு மத்தியானம் என் உம்மா மரியங்கண்டுவிடம் வந்து, எனக்கும் குத்துங்கள் என்று சட்டையை இழுத்துக்கொண்டு நின்றாராம். மரியங்கண்டு சிரிக்கவும் இல்லை, பெட்டியைத் திறக்கவும் இல்லை.

“போய் உம்மாவக் கூட்டிக்கிட்டு வாகா” என்று திருப்பி அனுப்பினார்.

தாயும் வந்தார். அவரோடு இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். அடுத்த நாள் முற்றத்தில் இடம் போதவில்லை.

ஜீப் வந்த நாள்

எங்கள் ஒழுங்கை முடிந்து, அடுத்த ஒழுங்கைகள், கடற்கரை, பாண்டிருப்பு, மாவடிப்பள்ளி வயல் பக்கம் என்று மரியங்கண்டு நடந்தார். எத்தனை பேருக்குக் குத்தினார் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஒழுங்கையில் அந்த வருசம் அதற்குப் பிறகு வைசூரியால் ஒரு பெண்ணும் போகவில்லை என்பது மட்டும் மாமிக்குத் தெரியும்.

இப்படியான விசயம் எத்தனை நாள் மறைந்திருக்கும்? வைசூரி அடங்கிய பிறகு, மேலிடத்தில் இருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். ஒரு தாதியும் கூட வந்தார். அனுமதி இல்லாத ஒரு மனுசி குத்துகிறாள் என்று யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். உண்மை என்றால் உதுமாலெவ்வையின் வேலை போகும். மரியங்கண்டு நீதிமன்றப் படி ஏற வேண்டும்.

பெண்களை ஒரு வீட்டுக்குள் வரிசையாக இருத்தி, தாதி தோளைப் பார்த்தார். எல்லாத் தோளிலும் மூன்று. யார் குத்தினது என்று முதல் பெண்ணிடம் கேட்டார்.

அந்தப் பெண் சட்டையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டார். பிறகு, “அவர்தான் குத்தின, உதுமாலெவ்வை” என்றார்.

இரண்டாவது பெண்ணும் அதையே சொன்னார். அடுத்தவரும் அதையே சொன்னார். மாமி தாயின் முந்தானைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம். யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு இதன் கனம் விளங்குமோ தெரியாது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு பெண், அந்நிய ஆண் என் தோளைத் தொட்டார் என்று தன் வாயால் சொல்வது சின்ன விசயம் அல்ல. அதற்குப் பயந்துதானே கதவைச் சாத்தினார்கள். அதே பெண்கள், நடக்காத அந்தச் சங்கதியை நடந்தது என்று, வெளியே தங்கள் கணவன்மார் கேட்டுக்கொண்டு நிற்க, ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கணவன்மாருக்கு உண்மை தெரியும். அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

பதிவுப் புத்தகத்தில் எல்லாம் உதுமாலெவ்வையின் பெயரில் ஏறியது. அவரும் கையெழுத்து வைத்தார். ஜீப் போய்விட்டது.

அதுவரை அந்த ஒழுங்கைக்குப் பெயர் இல்லை. கடற்கரை ஒழுங்கை என்று எல்லாவற்றையும் போலச் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் பெண்கள், நான் மரியங்கண்டுட ஒழுங்கையில இரிக்கன் என்று சொல்லத் தொடங்கினார்களாம்.

குறையா இது?

“இவ்வளவு நல்ல கதைய ஏன் மாமி ஆருக்கும் செல்லல்ல?” என்று கேட்டேன்.

தனக்குத் தாயின் மேல் கோபம் இருந்தது என்றார் மாமி. வெளியே காட்டிய கோபம் அல்ல. ஊர் பார்க்க முதலில் என்னை வைத்துத்தானே செய்தார், நான் செத்திருந்தால் என்ன என்ற கோபம். கலியாணம் முடித்து அக்கரைப்பற்றுக்கு வந்ததுகூட அதனால்தான். எங்கள் பக்கத்தில் பெண் தாய் வீட்டை விட்டுப் போவது அரிது. இவர் போனார். வீட்டைத் தங்கைக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தங்கையும் பிறகு வீட்டை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போய்விட்டாராம்.

மரியங்கண்டு எப்போதும் மணிக்கட்டு வரைக்கும் கைவைத்த சட்டைதான் போடுவாராம். அடுப்படியில் வேர்த்து ஒழுகினாலும் மடித்துவிட மாட்டார். மாமி கலியாணம் முடித்து இரண்டு வருசத்துக்குப் பிறகு, நான் பிறக்கும் முன்பே, அவர் மவுத்தானார். மகள் என்ற முறையில் சுபைதா மாமிதான் மையித்தைக் குளிப்பாட்டினார். சட்டையைக் கழற்றியபோது இடது கையைப் பார்த்தார்.

“தோளில இருந்து முழங்கை வரைக்கும் தழும்பு. மூணு மூணா இல்ல. கண்ட மாதிரிக்கி. சிலது ஆழம், சிலது கோணல். எனக்குக் குத்துறதுக்கு முதல், தன்ட கையிலயே கீறிக் கீறிப் பழகியிரிக்கா. ஒருத்தருக்கும் செல்லல்ல. என்னட்டயும் செல்லல்ல.”

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“மையித்துக் குளிப்பாட்டக்க கண்டத வெளிய கதைக்கப்படா எண்டுதான் நான் வாயத் தொறக்கல்ல. குறையத்தானே மறைக்கோணும் புள்ள? இது குறையா?”

இல்லை மாமி என்றேன்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் திரும்பி வரும்போது, நஸாரிடம் சொல்வதற்கு என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் இறங்கும் முன் மாமியின் மகள் தொலைபேசியில் அழைத்தார். கூட்டம் என்றைக்கு என்று உம்மா கேட்கிறா என்றார்.

பெயர் கேட்ட கூட்டம்

சங்கக் கட்டடத்தில் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். இருபது பேர் வரை இருப்பார்கள். சுபைதா மாமியை ஓட்டோவில் இருந்து நானும் அவருடைய மகளும் கைத்தாங்கலாக இறக்கினோம். பல வருசத்துக்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வருகிறார். ஒழுங்கை வாசலில் நின்று கிணறு இருந்த இடம் எது என்று கேட்டார். காட்டினேன். அது மூடப்பட்டு அதன் மேல் தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

நான் எழுந்து, எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். கைத்தழும்பை மட்டும் சொல்லவில்லை. அது மாமி சொல்ல வேண்டியது. அவர் விரும்பினால் மட்டும். இங்கே எழுதியிருப்பதும் அவர் சம்மதத்தோடுதான்.

கேட்டு முடிந்ததும் ஒருவர், எழுத்தில் ஏதும் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். கேட்டவர் மேல் பிழை இல்லை. இல்லை என்றேன். புத்தகத்தில் இருப்பது உதுமாலெவ்வையின் பெயர்தான் என்றேன்.

அப்படியென்றால் இரண்டு பேருக்கும் மரியாதையாக, உதுமாலெவ்வை ஒழுங்கை என்று வைக்கலாமே, அவர் அரசாங்க உத்தியோகத்தர், நாளைக்கு யார் கேட்டாலும் காட்டலாம் என்று இன்னொருவர் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். நல்ல எண்ணத்தோடு சொன்ன யோசனை. நஸார் மாமியின் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

மாமி எழும்பவில்லை. இருந்தபடியே சொன்னார்.

“என்ட வாப்பா நல்ல மனிசன். அவர்ர பேரு கவருமெந்துப் புத்தகத்தில எல்லாப் பக்கத்திலயும் இரிக்கி. என்ட உம்மாட பேரு இந்த ஒழுங்கையில மட்டுந்தான் இரிக்கி மகன். அத எடுத்துப்போடாதீங்க.”

நஸார் முன்னால் இருந்த பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். தன்னுடைய வாப்பாவின் பெயருக்கு மேலே, மெதுவாக, நேராக ஒரு கோடு போட்டார். யாரும் அவரிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை. பக்கத்தில் எழுதுவதற்குப் பேனையை வைத்தவர், நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“மாமி, எப்படி எழுதுற? மரியம்கண்டா, மரியங்கண்டா? உங்கட உம்மா எப்படி எழுதுவாங்க?”

“உம்மாக்கு எழுதத் தெரியா. எனக்கும் தெரியா” என்றார் மாமி. “கூப்பிடுற மாதிரி எழுதுங்க மகன்.”

நஸார் அந்தப் பெயரை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பிறகு எழுதினார்.